ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கள்

1

சென்ற மாதம் எங்கள் ஊர் நகராட்சியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊர் என்று நான் சொல்வது ஜெர்மனியில் ஒரு சிறிய ஆற்றங்கரை ஊரை. வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது, எழுதும்போது இப்படி வந்துவிடுகிறது. அங்கே குமுளியில் இருந்து இதை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லாத குழந்தைகளுக்கு, பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத வயதானவர்களை வாரம் ஒருநாள் கொடுப்பார்கள். 'இரவல் பாட்டி' என்பதுதான் அந்த ஜெர்மன் சொல்லுக்கு நேரான தமிழ். சம்பளம் கிடையாது. என் மனைவி கோகிலா என்னிடம் கேட்காமலே அதற்கு மனுக் கொடுத்துவிட்டாள். எங்களுக்குப் பேரன்கள் இரண்டு பேர் ஹாம்பர்க்கில் இருக்கிறார்கள். போனில் "வணக்கம் தாத்தா" என்பார்கள். அதற்குமேல் அவர்களிடம் தமிழ் இல்லை. அவர்கள் வேகத்துக்கு என்னிடம் ஜெர்மன் இல்லை.

இரவல் பாட்டியாவது லேசான காரியமில்லை. அவள் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரே வீட்டில் இருப்பதால் எனக்கும் வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு அலுவலகம், அங்கே வரிசையில் ஒரு காலை, தபாலில் வர இரண்டு வாரம். வந்த தாளில் என் பெயருக்கு நேராக, பதிவு எதுவும் இல்லை என்று இருந்தது. கோகிலா அதைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

அதிகாரி காப்பி குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஞாயிறுதோறும் உங்கள் மனைவி ஒரு குழந்தைக்குப் பாட்டியாக இருக்கப்போகிறார். உங்களுக்குச் சம்மதமா?"

கோகிலா முழங்கையால் இடித்த பிறகுதான் சம்மதம் என்றேன். அவர் போனதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அந்தம்மா என்ன உங்க கிட்னியவா கேட்டுச்சு? அப்படி முழிக்கறீங்க?"

அவள் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக்காரி. எனக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது கல்யாணம் ஆனது. அதற்கு முந்தைய என் கதை அவளுக்கு முழுதாகத் தெரியாது. இதே கேள்வியை எழுபதுகளின் நடுவில் ஒரு கன்னியாஸ்திரி என்னிடம் கேட்டார். அன்று நான் வேறு பதில் சொன்னேன். அந்தப் பதிலால் கெட்ட பெயர் எனக்கு வரவில்லை, அவருக்கு வந்தது. அது தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா செல்லம்மா கொழுந்து கிள்ளினாள். அப்பா நான் எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிறகு தோட்டத்தில் கொடுத்த லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில் நானும் அவளும்தான்.

தோட்டத்துக்குக் கீழே, கம்பத்துக்கு இறங்கும் பாதைக்குச் சற்று முன்னால் கன்னியாஸ்திரிகளின் மடம் இருந்தது. ஒரே சுற்றுச்சுவருக்குள் பள்ளிக்கூடம், யாருமில்லாத குழந்தைகளுக்கான இல்லம், பின்புறம் வயதானவர்களுக்கு ஒரு நீளமான ஓட்டுக் கட்டிடம். ஏழாவது வரை நான் படித்தது அங்கேதான். மடத்துத் தலைவியை லயத்தில் எல்லோரும் மதரம்மா என்பார்கள். கோட்டயத்துக்கு அந்தப்புறம் பாலாப் பக்கத்துக்காரர். நல்ல உயரம். மழைக்காலத்தில் வெள்ளை அங்கிக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். அங்கியின் பையில் ஒருபக்கம் ஜெபமாலை, மறுபக்கம் அட்டை கடித்தால் வைக்க உப்புப் பொட்டலம். மலையாளத்தில் பாதியும் லயத்தில் கற்ற தமிழில் பாதியுமாகப் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி இல்லத்துப் பிள்ளைகளை உறவினர் பார்க்க வரும் நேரம். சித்தியோ மாமனோ உள்ள பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு மழைக்காலம் முடிந்ததும் மதரம்மா குடையோடு லயத்துக்கு ஏறி வந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்று கேட்டார்.

"ஞாயறாழ்ச்ச மூணு மணிக்கு ஆரெல்லாம் சும்மா இருப்பீங்க?"

பக்கத்து வீட்டு முத்தம்மா சொன்னாள். "சும்மா இருக்குற பொம்பளைய இந்த மலையில எங்க கண்டீக மதரம்மா? இருந்தாச் சொல்லுங்க, நாங்களும் வந்து பாக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள், மதரம்மாவும்தான். ஆனால் போகவில்லை. யாருமில்லாத ஒவ்வொரு பிள்ளைக்கும் லயத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வேண்டும் என்றார். துணிமணி, பொம்மை கொண்டுவரக் கூடாது. தலை வாரலாம், பேன் பார்க்கலாம், நகம் வெட்டலாம், வீட்டில் ஆக்கியதில் ஒரு வாய் ஊட்டலாம். கையால் செய்கிறது மட்டும்தான். ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது. சொல்லாமல் வராமல் போனால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு வேறு அம்மா.

"கொச்சுப் பிள்ள காத்திருந்து ஏமாந்நா, பின்னே ஆரையும் நம்பில்ல," என்றார்.

அம்மாவுக்குக் கிடைத்தவள் ரீத்தா. வட்டவடைப் பக்கமிருந்து யாரோ ஜீப்பில் கொண்டுவந்து விட்டுப்போன ஐந்து வயதுப் பிள்ளை. தலையில் யாரையும் கை வைக்க விடமாட்டாள். முடி சிக்குப் பிடித்துக் கயிறாகக் கிடந்தது. மொட்டையடிக்க நாவிதரை வரச்சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நாள் பொறுங்கள் என்று அம்மா கேட்டு, வாரம் ஒரு பக்கமாகத் தேங்காயெண்ணெய் தடவிச் சிக்கெடுத்தாள். சிக்கெடுத்த சீப்பை ரீத்தா யாரிடமும் கொடுக்கமாட்டாள். வாரம் முழுக்கத் தன் தலையணைக்கு அடியில் வைத்திருந்து, ஞாயிறு மூன்று மணிக்கு அம்மா கையில் கொடுப்பாள்.

"ஏட்டி செல்லம்மா, இப்பிடியே போனா உனக்கும் வெள்ளத்துணி போட்டு மடத்துல உக்கார வச்சிருவாக," என்றாள் முத்தம்மா.

"போட்டா என்ன? இடுப்புல கட்டுற சாக்கை விட அது லேசாத்தான இருக்கும்."

3

இதெல்லாம் நடந்தபோது நான் பாலக்காட்டில் பாலிடெக்னிக்கில் இருந்தேன். அந்த இடத்துக்கு மனுப் போட வைத்தது மதரம்மாதான். மலையை விட்டு நான் போனதால் அம்மாவின் ஞாயிறு காலியானது. அந்தக் காலியிடத்தில்தான் ரீத்தா வந்து உட்கார்ந்தாள். இந்தக் கணக்கு இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது, நான் திரும்பி வருவதற்குள் என் இடத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டும்தான் தோன்றியது.

பொங்கல் விடுமுறைக்கு வந்தேன். பொள்ளாச்சி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீடு சங்கிலி போட்டுக் கிடந்தது. முத்தம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா மக வீட்டுக்குப் போயிருக்கா," என்றாள்.

"யார் மக?"

"போய்ப் பாரு. உன்ன மாதிரி இல்ல, அது செவப்பு."

மடத்துக்கு இறங்கிப் போனேன். பள்ளிக்கூடப் படிக்கட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கீழ்ப்படியில், அவள் முழங்கால்களுக்கு நடுவில் அந்தச் சிறுமி. என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் எழவில்லை.

"இரு எய்யா, பாதிப் பின்னல்ல நிக்குது."

நான் நின்றேன். அதுவரை அம்மா என்னை எதற்கும் நிற்க வைத்ததில்லை. கொழுந்து நிறுத்துப் போடும் வரிசையில் இருக்கும்போது நான் கூப்பிட்டாலும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருவாள். அன்று என் பெட்டியோடு நின்று அந்தப் பின்னல் முடியும்வரை பார்த்தேன். பின்னி முடித்து, பின்னல் முனையைச் சுண்டிவிட்டு, அவள் உச்சந்தலையை மோந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். எனக்காகச் செய்த ரவை உருண்டையில் ஒன்றை அந்தப் பெண்ணுக்குக் கொண்டுவந்திருந்தாள். ரீத்தா தான் கடித்ததில் மீதியை என்னிடம் நீட்டினாள். பசிக்கவில்லை என்றேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அந்த விடுமுறை முழுக்க அம்மா பேசியது ரீத்தாவைப் பற்றித்தான். ரீத்தா இப்படிச் சொன்னாள், ரீத்தா அப்படி நடந்தாள். நான் பாலிடெக்னிக்கில் வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொன்னேன். "நல்லது எய்யா," என்றாள். என்னை அவள் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை. நல்லபடியாக இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கை எனக்கு அப்போது அலட்சியமாகத் தெரிந்தது. பத்தொன்பது வயதில், ஆறு வயதுப் பெண்ணின் தலைப்பின்னலைப் பார்த்து எரிச்சலில் தூக்கம் வராமல் கிடந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

4

அடுத்த பெரிய விடுமுறையில் வந்தபோது மதரம்மா என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார்.

மடத்தின் வரவேற்பறையில் சிவப்புச் சிமெண்ட் தரை முகம் தெரியும்படி பளபளக்கும். அதன்மேல் செருப்பில்லாமல் நடக்கும்போதே யாருக்கும் குரல் தணிந்துவிடும். சுவரில் இயேசுவின் படத்துக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. மதரம்மா எனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மோனே, அம்மா ஒரு காரியம் கேட்டா. ரீத்தாவை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கணுமாம். மகளாயிட்டு."

சாயாவை ஒரே மடக்கில் குடித்தேன்.

"எனக்கு விரோதம் இல்ல. அந்தக் குட்டி வேற ஆரோடயும் போகாது. ஆனா வீட்டுல வளர்ந்ந ஆணு நீ ஒருத்தன். நாளைக்கு அம்மாவுக்கு வயசானா ரெண்டு பேரையும் நீதான் நோக்கணும். உனக்குச் சம்மதமா?"

"வேண்டாம் மதரம்மா," என்றேன்.

காரணங்களும் சொன்னேன். வீடு ஒற்றை அறை. நான் இன்னும் படிக்கிறேன். அம்மாவுக்கு இழுப்பு இருக்கிறது. எல்லாம் உண்மை. எதுவும் காரணம் இல்லை. மதரம்மா என்னை அ, ஆ எழுதிய காலத்திலிருந்து பார்த்தவர். நான் பேசி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நீ அம்மாட்ட சொல்லுவியா?"

நான் தலை குனிந்தேன்.

"வேண்டா. நீ சொல்ல வேண்டா. ஞான் சொல்லாம், சட்டம் சம்மதிக்கில்லன்னு." எழுந்து என் காலி டம்ளரை எடுத்துக்கொண்டார். "அவளுக்கு என்னோட கோபம் வந்நா ஒண்ணும் போகாது. உன்னோட வந்நா அவளுக்கு ஆரு இருக்கா?"

வெளியே வந்தேன். நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

5

அன்று சாயங்காலம் அம்மா மடத்திலிருந்து திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"தரமாட்டாகளாம். சட்டமாம்."

"அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

"என்ன சரி? சோறு தண்ணி இல்லாமயா வளக்கப் போறேன்? கல்லு மனசு. ஒண்ணப் பெத்து வளத்திருந்தால்ல தெரியும் அவளுக்கு!"

இந்தக் கடைசி வார்த்தையை அம்மா அன்றோடு விடவில்லை. குழாயடியில் சொன்னாள், கொழுந்து கிள்ளும்போது சொன்னாள், கம்பத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னாள். பிள்ளை பெறாதவள், கல் மனசுக்காரி. அது மெல்ல மெல்ல லயம் முழுக்கப் பரவியது. மதரம்மாவின் காதுக்கும் போயிருக்கும். நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். ஒருமுறைகூட, அவரில்லை அம்மா, நான்தான் என்று சொல்லவில்லை.

ஞாயிறுகளை அம்மா விடவில்லை. ஆனால் மதரம்மாவிடம் பேசுவதை விட்டாள். அவர் வராந்தாவில் நின்று, "செல்லம்மா, சுகமாணோ?" என்பார். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடந்து போவாள். அவர் கொடுத்தனுப்பும் சாயாவை அப்படியே திருப்பி அனுப்புவாள். அடுத்த ஞாயிறும் அவர் அதே இடத்தில் நின்று அதையே கேட்பார். வருஷக்கணக்காக இது நடந்தது.

எழுபதுகளின் கடைசியில் மதரம்மாவுக்கு மாற்றல் வந்தது. கஞ்சிக்கோட்டிலிருந்து அன்று நான் ஊருக்கு வந்திருந்தேன். லயத்து ஜனங்கள் பூவோடு போய் நின்றார்கள். அம்மா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கோட்டயம் பஸ்ஸின் கூரைமேல் அவருடைய தகரப்பெட்டியை ஏற்றியது நான்தான். இறங்கி வந்ததும் என் கைத் தூசியைத் தன் அங்கியிலேயே துடைத்துவிட்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. பஸ் கிளம்பியது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இறந்துபோன செய்தி பல வருடம் கழித்து எனக்குக் கிடைத்தது.

6

ரீத்தா இல்லத்திலேயே வளர்ந்து நர்ஸ் ஆனாள். குமுளியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அம்மா ஓய்வு பெற்று லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தபோது நான் ஜெர்மனியிலிருந்தேன். விசாவுக்காக ஆறுமாதம் அலைந்து அவளை இங்கே கூட்டிவந்தேன். ஒரு குளிர்காலம்கூட இருக்கவில்லை.

"இங்க மூணு மணிக்கே இருட்டிட்டு வருது. அங்க அவ தலைய விரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருப்பா," என்றாள். ரீத்தாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும்.

திரும்பிப்போய் ரீத்தாவின் வாடகை வீட்டில் கடைசிவரை இருந்தாள். நான் வேண்டாம் என்று சொன்னது என்னைத் தாண்டித் தானாகவே நடந்துவிட்டது. மாதம் ஒருமுறை போன் செய்வேன். பின்னணியில் இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். எதற்கு என்று கேட்டால், "அது இங்க ஒரு கத எய்யா," என்பாள் அம்மா.

அம்மா இறந்த சேதி கேட்டு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசியில் தலைவாரிப் பூ வைத்து அனுப்பியது ரீத்தா. அன்று மாலை அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, மடத்து வரவேற்பறையில் நான் சொன்னதை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"தெரியும்ணே. அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். எனக்கு அம்மா கெடைக்கப் போறாகன்னு யாரோ சொல்லிட்டாக. சீப்பும் கையுமா ஓடி வந்தேன்."

"அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

"மதரம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாக. செல்லம்மாவுக்கு இருக்குறது ஒரே மகன், அத நீ எடுத்துறாதேன்னாக." டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஆனா அம்மா மதரம்மாவை ஏசும்போதெல்லாம் வாய் வரைக்கும் வந்துரும்ணே. எந்திரிச்சு வெளிய போயிருவேன்."

அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் மனதில் முதலில் வந்தது என்ன என்று சொல்கிறேன். இதிலும் என்னைவிட நல்ல பிள்ளையாக இருந்துவிட்டாளே என்று பொறாமைப்பட்டேன்.

மதரம்மாவைக் கல் மனசுக்காரி என்று லயத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் அங்கே இருப்பீர்கள். சட்டம் எதுவும் இல்லை. ரீத்தாவைக் கொடுக்க அவர் தயாராக இருந்தார். தடுத்தவன் செல்லம்மாவின் மகன். இந்தச் செய்தியை உங்கள் வீடுகளில் சொல்லுங்கள்.

7

மேலே உள்ளதை எழுதிக் கோகிலாவிடம் கொடுத்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து முழுதும் வாசித்தாள். பிறகு குளிர்பெட்டிக் கதவிலிருந்த என் போலீஸ் சான்றிதழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நல்லவேளை, இந்தப் போலீஸ்காரங்களுக்குத் தமிழ் தெரியாதுங்க," என்றாள்.

அந்த இரவல் பேத்தியின் பெயர் லேனா, ஐந்து வயது. கோகிலா அவளுக்குத் தோசை சுட்டுக் கொடுப்பாள், தலை பின்னிவிடுவாள். லேனா ஒரு நீலச் சீப்பைத் தன் பையிலேயே கொண்டுவருவாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். தோசையின் மொறுமொறுப்பான ஓரம் எப்போதும் எனக்குத்தான் வரும். இப்போது வருவதில்லை. எழுபது வயதில் இதையும் கவனிக்கிறேன்.

போன ஞாயிறு கோகிலா ஹாம்பர்க்கில் இருந்தாள். பெரிய பேரன் ஆதிக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. லேனாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள காத்துட்டு இருக்குமுங்க," என்றாள். "நீங்களே எழுதியிருக்கறீங்கள்ல?"

மூன்று மணிக்கு லேனா வந்தாள். நான் ஜெர்மன் கற்றது தொழிற்சாலையில். மரியாதையாகப் பேச மட்டும்தான் தெரியும். "தாங்கள் அமருங்கள்," என்றேன். அவள் சிரித்துவிட்டு நாற்காலியில் ஏறிச் சீப்பை நீட்டினாள்.

முடி பட்டுநூல் மாதிரி வழுக்கியது. எப்படிப் பிடித்தாலும் நழுவியது. வேறு வழியில்லாமல் ரீத்தாவைக் கைபேசியில் கூப்பிட்டு, அவள் முகம் தெரியும்படி சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன்.

"என்னண்ணே, யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்று பதறினாள். அதற்கு மட்டுமே நான் கூப்பிடுவேன்.

"இல்ல. தலை பின்னணும்."

"யாருக்கு, ஒங்களுக்கா?" என்று என் வழுக்கையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு லேனாவைப் பார்த்தாள். "மூணாப் பிரிங்க. இறுக்காதீங்க. அம்மா எப்பிடிப் பின்னுவாக, ஞாபகம் இல்லையா?"

"எனக்கு அம்மா பின்னிவிட்டதில்லையே."

"ஆமா," என்றாள். பிறகு, "ஆனா பாத்துக்கிட்டு நின்னீகள்ல," என்றாள்.

"நின்னேன்."

பிரித்தேன். வலது கற்றையை நடுவில் போட்டேன், இடதை அதன்மேல். பின்னல் கழுத்துக்குக் கீழே இறங்கியபோது வீட்டுத் தொலைபேசி அடித்தது. முழங்கையால் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினேன்.

"வணக்கம் தாத்தா," என்றான் ஆதி. அவனாகவே கூப்பிட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"இரு எய்யா, பாதிப் பின்னல்ல நிக்குது," என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கைபேசியில் ரீத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். லேனா பின்னலை ஒரு கையால் பிடித்தபடி திரும்பி, முடிந்ததா என்று ஜெர்மனில் கேட்டாள்.

பிறகு ஆதி ஜெர்மனில், மெதுவாக, எனக்குப் புரியும்படி கேட்டான். "அங்கே யார் இருக்கிறார்கள்?"

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.